பாஸ்போர்ட்டில் எழுதிய வண்டி

காஞ்சிபுரம் வெள்ளைகேட் பக்கம் லாரி ஷெட் வைத்திருக்கும் தணிகாசலத்தை ஊரில் ‘பாரின் ரிட்டர்ன்’ என்று கிண்டல் செய்வார்கள். டீக்கடையில் அவன் தலை தெரிந்தால் போதும், “இன்னா தணிகாசலம், அடுத்த ப்ளேன் எப்போ?” என்பார்கள். அவன் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவன் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவன் இல்லை. தெஹ்ரானில் ஒன்பது மாதம் மாட்டிக்கொண்டு கிடந்து வந்தவன். அவன் போனதற்கும் நான் காரணம், திரும்பி வந்ததற்கும் நான் காரணம். பதின்மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், இனி முடியாது.

என் பெயர் கோதண்டபாணி. மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். தணிகாசலம் என் தங்கை ஜெயம்மாளின் புருஷன். திருப்புட்குழியில் பயிர் வைக்கிற குடும்பம். இவனுக்கு மட்டும் சின்ன வயசிலிருந்தே கையில் ஸ்பானர். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற மப்பு அந்த நாளில் கொஞ்சம் அதிகம். அந்த மப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு பழைய வேன் பெங்களூர் ரோட்டில் திருப்புட்குழிக்கு நேராக நின்றுவிட்டது. உள்ளே பீட்டர் என்று ஒரு வெள்ளைக்காரர், அவர் சம்சாரம் ஜூடி. முதுகில் ஒரு மூட்டை, காலில் ஒரு செருப்பு, அவ்வளவுதான் அவர்கள் சொத்து. பின்னாளில் இந்த மாதிரி ஆட்களுக்கு ஹிப்பி என்று பெயர் வைத்தார்கள். அப்போது எங்களுக்கு அவர்கள் வெறும் ‘தொரை’தான். இங்கிலாந்திலிருந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான் என்று தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தணிகாசலம் பத்து நாள் அந்த வேனுக்கு அடியிலேயே குடியிருந்து ஓட வைத்தான். பீட்டருக்கு அவனை விட மனசில்லை. “திரும்பிப் போகும்போது எங்களோடு வா. இந்த வண்டி உன் சொல்லைத்தான் கேட்கிறது. லண்டனிலிருந்து கப்பலில் அனுப்பி வைக்கிறேன்” என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

“எனக்கு இன்னாத்துக்கு மச்சான் லண்டனு?” என்றான் தணிகாசலம்.

“கிணத்துத் தவளையாவே இருந்துடாத மாப்ள. கெடைக்குமா இந்த சான்ஸு?” என்றேன் நான். பாஸ்போர்ட் மனுவை நானே அடித்தேன், நானே அலைந்தேன். பீட்டரும் ஜூடியும் கன்னியாகுமரி வரை சுற்றிவிட்டுப் பொங்கலுக்குத் திரும்பினார்கள். பாஸ்போர்ட் தயாராக இருந்தது. ஜெயம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நாள் தள்ளிப்போயிருப்பது அப்போது அவளுக்கே சரியாகத் தெரியாது.

டில்லியில் விசாவுக்குப் பத்து நாள் காத்து, லாகூர், குவெட்டா வழியாகப் பங்குனி மாதம் ஈரான் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பீட்டருக்கு வயிற்றுக்கடுப்பு. பின்சீட்டில் சுருண்டு படுத்திருந்தார். எழுந்து நிற்கத் தெம்பில்லை. சுங்க அதிகாரி ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்தார். தணிகாசலம். அவன் பாஸ்போர்ட்டை வாங்கி, வேனின் நம்பர், கலர் எல்லாம் அதில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அந்த நாட்டில் அது ஒரு வழக்கம். எந்தப் பாஸ்போர்ட்டில் வண்டி ஏறியதோ, அந்த ஆள் அந்த வண்டியோடுதான் வெளியே போகலாம். வண்டியை அங்கே விற்றுவிட்டு ஓடக் கூடாது என்பதற்காக.

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. ‘மச்சான், கவர்மெண்ட்டு முத்திரை போட்டு என் பேருக்கு ஒரு வண்டி எழுதிட்டாங்க’ என்று கடிதம் போட்டான். நான் அதை இன்ஸ்டிட்யூட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பையன்களுக்கு மிட்டாய் கூட வாங்கிக் கொடுத்தேன். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டதற்கு மிட்டாய் கொடுத்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தெஹ்ரானுக்குள் நுழைந்த அன்றைக்கே இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. இன்ஜினுக்கு முதுகெலும்பு அது. ஊரெல்லாம் தள்ளிக்கொண்டு போய் அமீர் கபீர் தெருவுக்குப் பின்னால் ஒரு சர்தார்ஜியின் ஷெட் முற்றத்தில் நிறுத்தினார்கள். அந்தத் தெரு முழுக்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். மாடிகளில் எல்லாம் பீட்டர் மாதிரி முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றுகிற மூட்டை தூக்கிகள் தங்குகிற மலிவு ஹோட்டல்கள். இத்தனை கடை இருந்தும் அந்த வேனுக்குரிய ஷாஃப்ட் மட்டும் இல்லை. ரொம்பப் பழைய வண்டி. இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும்.

“ஆறே வாரம். நானே போய் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை வண்டியைப் பார்த்துக்கொள்” என்று பீட்டர் சாவியைத் தணிகாசலத்தின் கையில் வைத்தார். அவரும் ஜூடியும் மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டில்தான் எதுவும் எழுதவில்லையே!

ஆறு வாரம் போயிற்று. பீட்டரின் கடிதம் வந்தது: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னும் கொஞ்ச நாள். மூன்று மாதம் போயிற்று. ஒரு கார்டு வந்தது: ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், கட்டாயம் வருகிறேன். ஆடிக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது.

தணிகாசலம் வேனிலேயே படுத்தான். சர்தார்ஜியின் ஷெட்டிலேயே வேலை செய்தான். வெள்ளிக்கிழமைகளில் சர்தார்ஜி குருத்துவாராவுக்கு அழைத்துப் போய் ரொட்டியும் பருப்பும் சாப்பிட வைத்தார். மற்ற நாள் கூழாங்கல் மேல் சுட்ட ரொட்டி. முதல் நாள் அதில் ஒட்டியிருந்த கல்லைக் கடித்துப் பல்லில் சில்லு போய்விட்டது. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சவும் பழகிவிட்டான். தெருவுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுமாம். மலையிலிருந்து வருகிற தண்ணீர். தெருக்கோடியில் நிமிர்ந்தால் மலை மேல் பனி தெரியும். கீழே தெருவில் தார் உருகும். ‘நம்ம வேகவதி ஆத்துல தண்ணி பாத்து எத்தனி நாளாச்சு மச்சான், இங்க ரோட்டுல ஓடுது’ என்று எழுதினான். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாள் கூடவே நடந்து பார்த்தானாம். ஊருக்குத் தெற்கே ஒரு வயலில் போய்ச் சேர்ந்ததாம். அவனுக்கு அதுதான் எல்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் நிற்பான். மஷாத், தப்ரீஸ், கொர்ரம்ஷார் என்று கூவிக்கொண்டே பஸ்கள் கிளம்பும். எல்லாப் பஸ்ஸும் போன பிறகு ஷெட்டுக்குத் திரும்புவான்.

அமீர் கபீர் ஹோட்டல்களில் வந்து போகிற மூட்டை தூக்கிகளுக்கெல்லாம் அவன் பழக்கமாகிவிட்டான். இந்தியாவுக்குப் போக வேண்டுமா, வேன்காரனைக் கேள் என்பார்களாம். அரைகுறை இங்கிலீஷில் வழி சொல்வான். எந்த பஸ், எந்த எல்லையில் எத்தனை நாள், எங்கே தண்ணீர் குடிக்கக் கூடாது எல்லாம் சொல்வான். கடைசியில், “காஞ்சிபுரம் போ. மை ஹவுஸ்” என்று ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் கொடுப்பான். சும்மா விளையாட்டு இல்லை. ஆடி மாதம் இரண்டு பேர் நிஜமாகவே வந்து நின்றார்கள். ஒருத்தன் தாடி, ஒருத்தி கையில் ஒரு பை நிறைய பிஸ்தா பருப்பு. “தணி கொடுத்தான்” என்றார்கள். ஜெயம்மாளுக்கு எட்டாம் மாதம். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்தாள்.

“இவுங்க எப்படி வந்தாங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“பஸ்ஸுல, ரயில்ல, லாரியில... கெடைச்சதுல.”

“இவுங்க வந்த வழியிலதான அவரும் வரணும்? ஊர் பேர் தெரியாதவங்கள்லாம் எங்க வூட்டுக்கு வந்துட்டாங்க. வூட்டுக்காரரு மட்டும் ஏன் வரல?”

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அழுதுவிட்டது. என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டது. எனக்கு முதல் தடவையாக இங்கிலீஷ் வரவில்லை.

அதற்கு முன்பே நான் சும்மா இருக்கவில்லை. தெஹ்ரானில் உள்ள நம் தூதரகத்துக்கு நாலு கடிதம் அடித்திருந்தேன். பதிலும் வந்தது. வண்டியைச் சுங்க இலாகாவிடம் ஒப்படைத்துவிட்டால் பாஸ்போர்ட்டில் உள்ள பதிவை அடித்துக் கொடுப்பார்கள், பிறகு தாராளமாகப் போகலாம் என்று. எவ்வளவு சுலபம்! உடனே தணிகாசலத்துக்கு எழுதினேன். அவன் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

‘மச்சான், சுங்கத்துல உட்டா நான் வரலாம்னு எனக்கும் தெரியும். சர்தார்ஜியும் அதத்தான் சொல்றாரு. ஆனா உள்ள போன வண்டி திரும்ப வெளிய வராது. பீட்டருக்கும் அந்தம்மாவுக்கும் வூடு வாசல் எல்லாம் அந்த வண்டிதான். என் கையில குடுத்துட்டுப் போயிருக்குறாரு. அவரு வந்து கை வெச்சப்புறம்தான் நான் கைய எடுப்பேன். நம்பூரு வழக்கம் உனக்குத் தெரியாததில்ல.’

தெரியாமல் என்ன? திருப்புட்குழியில் பெருமாளைத் தூக்குகிற வீடுகளில் அவன் வீடும் ஒன்று. உற்சவத்தில் வாகனத்துக்குத் தோள் கொடுப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாற்று ஆள் தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்து, “ஆச்சு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சுமக்கிறவன் தோளை உருவலாம். பதினெட்டு வயசில் தணிகாசலத்துக்கு மாற்றாக வர வேண்டியவன் நீர்மோர் பந்தலில் உட்கார்ந்துவிட்டான். இவன் மூன்று வீதியும் மாற்று இல்லாமலேயே சுமந்தான். தோள்பட்டை வீங்கி ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அந்தப் பயலை ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் நான் சுங்க இலாகா விதியை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆவணிக் கடைசியில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. தரை வழி அடைத்தது. தபாலும் நின்றது. சண்டை நடந்த அந்த வாரத்தில்தான் குழந்தை பிறந்தது. பெண். வள்ளி என்று பெயர் வைத்தோம். தகப்பனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று இரண்டரை மாதம் தெரியாது. பிறகு ஒரு வரி வந்தது: ‘குழந்த யார் ஜாடை?’ அவ்வளவுதான். ஜெயம்மாள் அதைப் படித்துவிட்டு என் முன்னால் கொண்டுவந்து போட்டாள்.

“நீதான அனுப்பன? நீயே இட்டுக்கினு வா. நான் செத்துட்டேன்னு எழுது. அப்பவாச்சும் வர்றாரான்னு பாக்கலாம்.”

ஆத்திரத்தில் பெண் சொன்ன வார்த்தை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நம் பக்கம் பொய்த் தந்தி ஒன்றும் புதிதில்லை. மிலிட்டரிக்காரனுக்கு லீவு வேண்டுமென்றால் ‘மதர் சீரியஸ்’. கோபித்துக்கொண்டு பம்பாய்க்கு ஓடிய பிள்ளையைத் திருப்ப வேண்டுமென்றால் ‘பாதர் சீரியஸ்’. வாங்குகிறவனும் பாதி நம்பி, பாதி நம்பாமல்தான் ரயில் ஏறுவான். வீட்டில் அம்மா அடுப்படியில் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பான். நான் மறுநாள் தந்தி ஆபீசுக்குப் போய், ‘ஜெயம்மாள் சீரியஸ், உடனே புறப்படு’ என்று அடித்தேன். தணிகாசலம் எதையும் பாதி நம்புகிற ஆள் இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை.

தந்தி கிடைத்த மறுநாள் அவன் வேனைச் சுங்க முற்றத்துக்கு இழுத்துப் போய் ஒப்படைத்தான். பதிவை அடித்து வாங்கினான். அங்கிருந்து பஸ்ஸில் கொர்ரம்ஷார் துறைமுகம், கப்பலில் பம்பாய், ரயிலில் அரக்கோணம். மொத்தம் இருபத்து நாலு நாள். இருபத்து நாலு நாளும் அவள் போயிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான். கப்பலில் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்று பிற்பாடு ஒரு பேச்சில் தெரிந்தது.

மார்கழி மாதம். ஜெயம்மாள் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோலத்தை மிதிக்கிற ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள். நானும் அங்கே இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவன் அவளைப் பார்த்தான். வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவள் ஓடி வந்து குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவன் குழந்தையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

“தந்தி யாரு குடுத்தது?”

“நான்தான் மாப்ள.”

ரெண்டு அறை கொடுத்திருந்தால் தேவலாம் போலிருந்தது. எழுந்து போய்க் கிணற்றடியில் குளித்தான். அன்று ராத்திரி எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். என் இலைக்கு அவனே மோர் ஊற்றினான்.

மாசியில் உற்சவம் வந்தது. முறைப்படி அவன் தோள் கொடுக்க வேண்டும். கூப்பிட வந்தவர்களிடம், “தூக்கினத பாதி வழியில போட்டுட்டு வந்தவன் நானு. இனிமே வேணாம்” என்றான். பெருமாள் எங்கே, ஒரு ஓட்டை வேன் எங்கே என்று சிரித்தார்கள். தன் தம்பி அர்ஜுனனை அனுப்பினான். இவன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட்டான். நானும் பக்கத்தில் நின்றேன். என்னால் பெருமாளைப் பார்க்க முடியவில்லை.

ஆனி மாதம் பீட்டரின் கடிதம் வந்தது. விலாசத்தில் பாதியைக் காணோம். எங்கெங்கோ சுற்றி, ஆறு மாதம் கழித்து வெள்ளைகேட் ஷெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினான். ஜெயம்மாள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். உறையைப் பிரித்து, உறையை அவனிடம் கொடுத்துவிட்டு, கடிதத்தை முதலில் மனசுக்குள் படித்தேன். டிசம்பர் பத்தாம் தேதி போட்டிருந்தது. ஷாஃப்டைச் சாக்கில் கட்டித் துருக்கி வழியாகப் பஸ்ஸிலேயே சுமந்துகொண்டு அன்று காலையில்தான் தெஹ்ரான் வந்திருந்தார் பீட்டர்.

கடிதத்தை மடித்துக்கொண்டு, “மாசியிலதான் வந்தாராம் மாப்ள. நீ இருந்திருந்தாலும் இன்னும் மூணு மாசம் கெடந்திருப்ப. நல்ல வேளையா வந்துட்ட” என்றேன்.

தணிகாசலம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தபால் முத்திரை மேல் கட்டைவிரலை வைத்தான். அது அந்த ஊர் எழுத்து. எனக்கு வெறும் கோழிக் கிறுக்கல்.

“இது தெஹ்ரான் முத்திரை மச்சான். அவங்க ஆசர் மாசம் பத்தொம்போதுன்னு போட்டிருக்குது. நான் பஸ்ஸு ஏறனது ஆசர் பத்து.”

ஒன்பது மாதம் காத்தவன் இன்னும் ஒன்பது நாள் காத்திருந்தால் போதும். என் தந்தி அந்த ஒன்பது நாளைத் தின்றுவிட்டது.

“உள்ளத படி மச்சான்” என்றான். குரலில் கோபம் இல்லை.

படித்தேன். ‘சர்தார்ஜி எல்லாம் சொன்னார். சுங்க முற்றத்து வேலிக்கு வெளியிலிருந்து வண்டியைப் பார்த்தேன். கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். தப்பு என்னுடையது, தணி. ஆறு வாரம் என்று சொல்லி எட்டு மாதம் ஆக்கியவன் நான். ஜூடிக்கும் உன் மேல் வருத்தம் இல்லை. சாகக் கிடக்கும் மனைவியை விட்டுவிட்டு யார்தான் ஒரு வண்டிக்குக் காவல் இருப்பார்கள்? எனக்கு ஒன்று மட்டும் எழுது. உன் மனைவி பிழைத்துக்கொண்டாரா?’

ஜெயம்மாளின் கை சோற்றோடு அப்படியே நின்றது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தது.

“நான் எழுதறேன் மாப்ள” என்றேன். “பொய்த் தந்தி குடுத்தவன் நான்தான்னு என் பேர்ல எழுதிடறேன்.”

“வாணாம்.”

“ஏன்?”

“பொண்டாட்டி சாவக் கெடந்தா, அதான் உட்டுட்டுப் போய்ட்டான்னு அந்தாளு மனசு ஆறிக்கினாரு. இருக்கற ஒரே வூட்ட ஒரு பொய்க்குப் பறிகுடுத்தோம்னு அவருக்கு ஏன் தெரியணும்? பொழைச்சுக்கிச்சு, இப்ப நல்லா இருக்குதுன்னு அடிச்சுக் குடு. நான் கையெழுத்துப் போடறேன்.”

மறுநாள் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து அந்த வரியை அடித்தேன். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற கை இது. நாலு தாளை வீணாக்கினேன். தணிகாசலம் ஷெட்டிலிருந்து வந்து, கையில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, கீழே தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். அவன் வாழ்நாளில் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் என் பொய்க்காகத்தான் சொன்னான்.